ஹோஸ்டிங் தொழிலுக்கு எந்த சர்வர் பெட்டி?

சித்திரையில் அவினாசித் தேருக்கு வந்திருந்த அக்கா மகன், தேர் நிலைக்குத் திரும்புவதற்குள் என்னை ஓரமாகக் கூட்டிப் போனான். திருப்பூரில் வெப்சைட் செய்து தருவது அவன் தொழில். பனியன் கம்பெனிகள், எக்ஸ்போர்ட் ஆபீஸ்கள், இரண்டு டையிங் யூனிட், ஒரு பள்ளிக்கூடம் என்று நாற்பது சைட் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் வெளியூர்க் கம்பெனி ஒன்றில் வைத்து வருடா வருடம் பணம் கட்டுகிறான்.

"ஏனுங் மாமா, நாமளே ஒரு சர்வர் வாங்கிப் போட்டு ஹோஸ்டிங் நடத்தினா என்னங்? பெட்டியோட எல்லாத்தையும் செட் பண்ணியே குடுக்கறாங்களாமா. எந்தப் பெட்டி வாங்கலாம்னு மட்டும் சொல்லுங்."

அந்த 'மட்டும்'தான் சிக்கல். தேர்க்கூட்டத்தில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. எழுதித் தருகிறேன் மாப்ள என்றேன். கோவையில் இருபது வருடமாகச் சின்ன அளவில் இதே தொழிலில் இருக்கிறேன். பட்டது கொஞ்சம், பார்த்தது கொஞ்சம். புதிதாகத் தொடங்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

லைன் வீடு

வெப்சைட் என்பது கடைசியில் பார்த்தால் சில கோப்புகளும் ஒரு டேட்டாபேஸும்தான். யாராவது முகவரியைத் தட்டினால் அவற்றை எடுத்துக் கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் இரவு பகலாக விழித்திருக்க வேண்டும். அதுதான் சர்வர். அதில் இடத்தைப் பிரித்து வாடகைக்கு விடுவது ஹோஸ்டிங்.

திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்க லைன் வீட்டைக் காட்டினால் போதும். ஒரே கூரை, வரிசையாகப் பத்துக் குடித்தனம், பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கிப் போனால் மற்ற ஒன்பது வீட்டிலும் குளியல் கிடையாது. ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் அதே கதைதான். நாற்பதில் ஒரு சைட்டில் கூடுதல் வசதிக்குச் சேர்த்த சின்ன நிரல், அதாவது ப்ளக்இன், ஒன்று கோளாறாகி ஓயாமல் டேட்டாபேஸைக் குடைந்தால், மற்ற முப்பத்தொன்பதும் திணறும். அதனால் ஒவ்வொரு வீட்டுக் குழாய்க்கும் ஒரு அளவு வைக்கிற வசதி சர்வரில் இருந்தாக வேண்டும். ஒரு அக்கவுண்ட் இவ்வளவு ப்ராசசர், இவ்வளவு ரேம், இத்தனை கோப்புகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வரம்பு போடும் வசதி. கிளவுட்லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் பெயர் வாங்கியதே இதனால்தான். பெட்டி விற்க வருபவரிடம் இதை முதலிலேயே கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் அவர் ஹோஸ்டிங்குக்கு விற்றுப் பழகியவர் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

கிரைண்டர்

மாப்பிள்ளை சொன்னானே, எல்லாம் செட் பண்ணியே வரும் பெட்டி, அதற்கு அப்ளையன்ஸ் என்று பெயர். சரி, அப்படியென்றால் என்ன? புவிசார் குறியீடு வாங்கிய கோயமுத்தூர் கிரைண்டர் நம்மிடம் இருக்கும்போது வேறு உதாரணம் எதற்கு. கல், ட்ரம், மோட்டார், பெல்ட் எல்லாம் தனித்தனியாக வாங்கி நீங்களே பூட்டிக்கொள்ளலாம். இல்லை, கடைக்குப் போய் ஒரே பெட்டியாக வாங்கி வந்து, ப்ளக்கைச் செருகி, அரிசியைப் போட்டு ஆட்டலாம். சர்வர் அப்ளையன்ஸ் இந்த இரண்டாவது வகை. இரும்பு, ஆபரேட்டிங் சிஸ்டம், வெப் சர்வர், மெயில், டேட்டாபேஸ், அவற்றை பிரவுசரிலிருந்தே நடத்துவதற்கு ஒரு கண்ட்ரோல் பேனல், எல்லாம் ஒன்றாகப் பூட்டி வரும். லினக்ஸ் கட்டளை தெரியாதவரும் அரை நாளில் புது வாடிக்கையாளரைக் குடியேற்றிவிடலாம்.

கிரைண்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. என்னைப் பொறுத்தவரை தேர்வு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. கிரைண்டர் வாங்கிய பிறகு, செய்த கம்பெனி இழுத்து மூடிப் போனாலும் மாவு அரையும். பெல்ட் தேய்ந்தால் மாற்றலாம், மோட்டார் எரிந்தால் தெருமுனையில் காயில் கட்டித் தருவார்கள். அதை உடைக்க உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எவனும் ராத்திரி கண்விழித்து உட்கார்ந்திருப்பதில்லை. சர்வரை உடைக்க உட்கார்ந்திருக்கிறான். பேனலிலோ, சைட்டுகளை ஓட்டும் நிரல்மொழியான பி.எச்.பி.யிலோ புதிதாக ஒரு ஓட்டை தெரிய வந்தால், அதை அடைக்கும் அப்டேட் சில நாட்களில், சில சமயம் சில மணி நேரத்தில், உங்கள் பெட்டிக்கு வந்து சேர வேண்டும். ஆகவே நீங்கள் வாங்குவது இரும்பை மட்டுமல்ல. இன்னொருவர் தொடர்ந்து எடுக்கப்போகும் முடிவுகளையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். அவர் எத்தனை வருடம் அந்த வேலையைச் செய்வார் என்பதுதான் பெட்டியின் உண்மையான ஆயுள்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1998-ல் கோபால்ட் நெட்வொர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ராக் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. ஹோஸ்டிங் தொழிலுக்கென்றே பூட்டிய அப்ளையன்ஸ். உயரம் 1 யூனிட், அதாவது ஒன்றே முக்கால் அங்குலம். நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தது 2004 வாக்கில், பழைய சாமானாக. முகப்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு எல்.சி.டி. திரை, பக்கத்தில் அம்புக்குறிப் பட்டன்கள். மானிட்டர், கீபோர்டு எதுவும் வேண்டாம். அந்தப் பட்டன்களை அழுத்தி அழுத்தி ஐ.பி. முகவரியை, அதாவது நெட்டில் அந்தப் பெட்டியின் எண் முகவரியை, கொடுத்தால் முடிந்தது, மிச்சம் எல்லாம் பிரவுசரில். இன்றைக்கு நினைத்தாலும் அழகான வேலைப்பாடு.

2000-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தையே சுமார் 200 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. 2003-ல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. பெட்டிகள் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தன. மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. ஆனால் உள்ளே இருந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நிரல் பிறகு, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற திறந்த மூலமாக வெளிவந்து, தன்னார்வலர்கள் கையில் வளர்ந்து, ப்ளூஆனிக்ஸ் என்ற பெயரில் அதன் வாரிசு இன்றும் இருக்கிறது. அது நல்ல விஷயம்தான். ஆனால் ராக் வாங்கும்போது அப்படி நடக்கும் என்று எண்ணி யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு 2029 வரை அப்டேட் வரும் என்று நம்பி எத்தனையோ ஹோஸ்டிங்காரர்கள் மாறினார்கள். 2020 டிசம்பரில், 2021 கடைசியோடு நிறுத்துகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. அவசர அவசரமாக அதற்கு மாற்றான அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் பக்கம் ஓடினோம். 2019-ல் சிபேனல் என்ற கண்ட்ரோல் பேனல் தன் விலைமுறையையே மாற்றியது. ஒரு சர்வருக்கு இவ்வளவு என்று இருந்தது, சர்வரில் எத்தனை அக்கவுண்ட் இருக்கிறதோ அதற்கேற்ப என்று ஆனது. ஒரே பெட்டியில் சின்னச் சின்ன சைட்டுகளை நூற்றுக்கணக்கில் வைத்திருந்தவர்களுக்கு அடி பலமாக விழுந்தது. அந்த வாரம் நானும் பேனா, பேப்பரோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே பெட்டியின் படத்தைப் பார்க்கும் முன் மூன்று கேள்வி. உள்ளே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் எது, அதற்கு எந்த வருடம் வரை அப்டேட்? பேனல் லைசென்ஸ் மாதக் கட்டணமா, அக்கவுண்ட் கணக்கா, டாலரிலா ரூபாயிலா? நாளைக்கு இந்தக் கம்பெனி இல்லாமல் போனால், சைட்டுகளை வேறு பேனலுக்கு மூட்டை கட்டி எடுத்துப் போக வழி உண்டா? மூன்றாவதற்கு 'அதெல்லாம் தேவையே படாதுங்க' என்று பதில் வந்தால் காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நாற்பது சைட்டுக்கு எவ்வளவு பெரிய பெட்டி?

புதியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பயப்படவே தேவையில்லாததும் இதுதான். மாப்பிள்ளை கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஒரு சைட்டுக்கு நாளைக்கு 200 பேர் வருகிறார்கள், ஒருவர் பார்க்கும் பக்கங்கள் எல்லாம் சேர்ந்து 5 எம்.பி. என்று தாராளமாகவே வைப்போம். 40 சைட்டுக்கு நாளைக்கு 40 ஜி.பி. இதை 24 மணி நேரத்துக்கும் பரப்பினால் சராசரி நொடிக்கு 4 மெகாபிட்கூட வராது. நெரிசல் நேரத்துக்குப் பத்து மடங்கு போட்டாலும் 40-க்குள் அடங்கும். 'ஒரு ஜி.பி.பி.எஸ். லைன் சார்', அதாவது நொடிக்கு ஆயிரம் மெகாபிட், என்று யாராவது வியக்க வைத்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரேம் கணக்கும் இதே மாதிரிதான். சைட் செய்ய உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் பக்கம் ஒன்றைத் தயார் செய்யும் பி.எச்.பி. வேலை ஒன்றுக்கு 80 எம்.பி. என்று வைத்தால், ஒரே நொடியில் 50 வேலை ஓடினாலும் 4 ஜி.பி. டேட்டாபேஸுக்கு 8, சிஸ்டம், பேனல், மெயில் வைரஸ் சோதனைக்கு இன்னொரு 4. மொத்தம் 16. இரட்டிப்பாக 32 வாங்கி, ஸ்லாட்டில் பாதியைக் காலியாக விட்டுவைத்தால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஈ.சி.சி. ரேம்தான் வாங்க வேண்டும். நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டுவிட்டால் அதைக் கண்டுபிடித்துத் திருத்துகிற ரேம் அது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு பிட் புரண்டால் ஒரு முறை ஹேங் ஆகும், அதோடு போகும். சர்வரில் அந்தத் தப்பு சத்தமில்லாமல் யாரோ ஒருவருடைய டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவுகளுக்குக் கோர் என்று பெயர். எட்டு கோர் தாராளம். முப்பத்திரண்டு மந்தமான கோர்களைவிட எட்டு வேகமான கோர்கள் மேல். ஒரு பக்கத்தைத் தயாரிக்கும் வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும்.

டிஸ்க்

நான் கொஞ்சம் அதிகமாகப் பேசப்போகும் இடம் இது.

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் நொடிக்கு நூறு முறைக்குள்தான் எடுத்துத் தரும். நாற்பது சைட் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கோப்பைக் கேட்டால், ஒற்றை ஆள் குடோன் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது போலத்தான். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும், அதிலேயே வேகமான என்.வி.எம்.இ. வகை லட்சக்கணக்கில். 'சர்வர் மந்தம்' என்று வந்த புகார்களில் பாதிக்கு மேல் டிஸ்க் மாற்றியதும் தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் லேப்டாப்புக்கு வாங்குகிற எஸ்.எஸ்.டி. இங்கே ஆகாது. சர்வர் வகையில் கரண்ட் திடீரென்று போனால், கையில் இருக்கிற எழுத்து வேலையை முடிக்கிற அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் உள்ளே இருக்கும். இத்தனை டெராபைட் எழுதும்வரை தாங்கும் என்ற அளவும் அதில் அதிகம்.

டிஸ்க் எப்போதாவது ஒருநாள் போகத்தான் போகிறது. அதனால் இரண்டைப் போட்டு, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுத வைப்பார்கள். ரெய்டு 1 என்பது இதுதான். நான்கு டிஸ்க் போட்டு இதையே பெருக்கினால் ரெய்டு 10. ஒன்று போனாலும் கடை மூடாது.

ஒன்று போனது நமக்குத் தெரிந்தால்தான் அதுவும். 2013-ல் என்னிடம் இருந்த ஒரு அப்ளையன்ஸில் முதல் டிஸ்க் போய்விட்டது. பெட்டி தன் கடமையைச் சரியாகவே செய்தது. 'டிஸ்க் 0 பழுது' என்று மெயில் அனுப்பியது, தினமும் அனுப்பியது. ஆனால் மெயில் போனது, ஆறு மாதம் முன் வேலையை விட்டுப் போன பையனின் முகவரிக்கு. செட் பண்ணும்போது அவன் தன் மெயிலைப் போட்டிருந்தான். நான் பார்க்கவே இல்லை. சைட் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் சந்தேகமும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து இரண்டாவதும் போனது. இரண்டும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து பிரித்து மாட்டியவை, சீரியல் எண்கூட அடுத்தடுத்து. ஒரே வயது, ஒரே உழைப்பு, கிட்டத்தட்ட ஒரே ஆயுள்.

பேக்கப்பைத் தேடினால் கடைசியாக முழுசாக எடுத்தது பதினோரு நாளைக்கு முன்னால். பதினோரு நாள் மெயில் போச்சு. ஒரு கரூர்க் கம்பெனி, ஜெர்மனி பையர் அனுப்பிய சாம்பிள் அப்ரூவல் அதில் இருந்தது என்று சொன்னார்கள். அவர்கள் திட்டவில்லை. 'என்னங்க இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க' என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து என் பழக்கம் இது. ஜோடி டிஸ்க் வாங்கினால் வேறு வேறு கம்பெனியிலோ, குறைந்தது வேறு வேறு மாதத்திலோ வாங்குவேன். எச்சரிக்கை இரண்டு போனுக்காவது வர வேண்டும். பெட்டி வந்த அன்றே, வாடிக்கையாளரை ஏற்றும் முன், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவிப் பார்ப்பேன். விற்பவர் முகம் மாறும், மாறட்டும்.

ரெய்டு வேறு, பேக்கப் வேறு. வாடிக்கையாளர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் விசுவாசமாக அழித்துவிடும். மூன்று பிரதி, இரண்டு விதமான இடத்தில், ஒன்றாவது வேறு ஊரில் என்பது பொது விதி. நான் அதோடு ஒன்று சேர்த்துக்கொள்வேன்: சர்வர் போய் பேக்கப்பை எழுதக் கூடாது, பேக்கப் பெட்டி வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். சர்வருக்குள் புகுந்தவன் பேக்கப்பையும் அழித்துவிட்டுப் போவதைத் தடுக்க இதுவே சுலப வழி. மாதம் ஒரு சைட்டையாவது பேக்கப்பிலிருந்து எழுப்பிப் பாருங்கள். எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கே வைப்பது?

மாப்பிள்ளை மனதில் இருந்தது, தன் ஆபீஸிலேயே ஒரு மூலை. பல்லடம் ரோட்டில் மாடியில் ஆபீஸ், கீழே நிட்டிங் மெஷின்கள். நேரில் போய்ப் பார்த்தேன். நெட்வொர்க் சுவிட்சின் காற்றுத் துளைகளில் விரலை வைத்து இழுத்தால் பஞ்சு நூலாக வந்தது. அந்த அறையில் சர்வர் வைத்தால் ஆறு மாதத்தில் மின்விசிறிகள் பஞ்சு மெத்தை ஆகிவிடும். சூடு ஏறினால் பெட்டி முதலில் வேகத்தைக் குறைக்கும், அப்புறம் தானே அணைந்துகொள்ளும்.

சத்தத்தையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 1 யூனிட் பெட்டியில் மின்விசிறி சின்னது. சின்னதாக இருப்பதால் அசுர வேகத்தில் சுற்றினால்தான் காற்று தள்ளும், ஊளை மாதிரிக் கேட்கும். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த சோமனூர்க்காரருக்கு வேண்டுமானால் தூக்கம் வரலாம். பக்கத்தில் உட்கார்ந்து போன் பேச முடியாது. ஆபீஸில்தான் வைக்க வேண்டுமென்றால் 2 யூனிட் பெட்டியோ நிற்கும் டவர் பெட்டியோ வாங்குங்கள். சுவரில் மாட்டும் ரேக் வைத்திருப்பவர்கள் ஆழத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அந்த ரேக்குகள் பெரும்பாலும் 60 சென்டிமீட்டருக்குள், சர்வர் 70-ஐத் தாண்டும். கதவு மூடாமல் சாக்குக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த ஒரு இடத்தை நானே பார்த்திருக்கிறேன்.

மின்சாரம்: 200 வாட் இழுக்கும் பெட்டி மாதம் 144 யூனிட். அதன் சூட்டைத் தணிக்க ஏ.சி. இழுப்பது தனி. 2012 மின்வெட்டில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களைப் பார்த்தவர்கள் நாம். இப்போது அந்த நிலை இல்லை என்றாலும், ஐப்பசி மாதம் ஒரு இடி போதும். யு.பி.எஸ்., அதற்கு மேல் ஜெனரேட்டர், இரண்டு வேறு கம்பெனி இன்டர்நெட் லைன், சரியான எர்த்திங் எல்லாம் சேர்ந்தால்தான் ஆபீஸில் சர்வர். '99.9 சதவீதம்' என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறோமே, அதை வருடக் கணக்கில் மாற்றினால் மொத்தம் எட்டே முக்கால் மணி நேரம்தான் நின்று போகலாம். மெயின்டனன்ஸுக்காகக் கரண்ட்டை நிறுத்தும் ஒரே ஒரு நாள் அதை முழுங்கிவிடும்.

அதனால் வாடிக்கையாளர் சைட் இருக்கும் பெட்டியை, சர்வர்களுக்கென்றே கட்டிய டேட்டா சென்டரில் வைப்பதுதான் என் கட்சி. உங்கள் பெட்டியை அவர்கள் ரேக்கில் வைத்து, யூனிட்டுக்கும் மின்சாரத்துக்கும் வாடகை கட்டுவது ஒரு வழி. சென்னையில் வைத்தால் இங்கிருந்து தூரமாயிற்றே என்று கேட்பார்கள். கோவையிலிருந்து 500 கிலோமீட்டர். ஒளி இழையில் போய்வரக் கணக்குப்படி 5 மில்லி செகண்டு, பாதை வளைவதால் நடைமுறையில் கொஞ்சம் கூட. எந்த மனிதருக்கும் தெரியாது. அப்படி வைக்கும் பெட்டியில் இரண்டு பவர் சப்ளை, தொலைவிலிருந்தே அணைத்து ஏற்றும் தனி போர்ட் ஆகிய இரண்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். டெல் பெட்டியில் ஐ-டிராக், எச்.பி.யில் ஐ.எல்.ஓ. என்று அந்த போர்ட்டுக்குப் பெயர். சர்வர் மயங்கிக் கிடந்தாலும் அதன் திரையை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அது இல்லாவிட்டால் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும்.

வாரண்டியில் 'அடுத்த வேலை நாள்' என்று இருந்தால் காலண்டரை வைத்துப் படியுங்கள். சனிக்கிழமை ராத்திரி போனால் திங்கட்கிழமைக்கு முன் ஆள் வர மாட்டார், அதுவும் உதிரி பாகம் அந்த ஊரில் இருந்தால். மோட்டார் எரிந்தால் காயில் கட்டிக்கொள்ளும் ஊர் நம் ஊர். சர்வர் போர்டுக்கு அப்படிக் கட்டித் தருபவர் யாரும் கிடையாது. குறைந்தது ஒரு டிஸ்க்கும் ஒரு பவர் சப்ளையும் அலமாரியில் இருக்கட்டும்.

மெயிலும் சட்டமும்

எக்ஸ்போர்ட் ஆபீஸ்களுக்கு சைட்டைவிட மெயில்தான் உயிர். டெக்-பேக் (உடையின் அளவு, துணி விவரக் கோப்பு), ஆர்ட்வொர்க் என்று ஒவ்வொரு மெயிலும் பத்து எம்.பி., எதையும் அழிக்க மாட்டார்கள். டிஸ்க்கைத் தின்பது அதுதான். போதாததற்கு, ஒரு வாடிக்கையாளரின் பாஸ்வேர்டு திருடு போய் ஸ்பேம் கிளம்பினால் உங்கள் ஐ.பி. முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறி, நாற்பது கம்பெனியின் மெயிலும் நின்றுவிடும். 2024-லிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புநர் அடையாளச் சோதனைகளை இன்னும் இறுக்கிவிட்டன. மெயிலை சைட் பெட்டியோடு சேர்க்காமல், அதற்கென்றே இருக்கும் சேவைக்கு விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. பெட்டியில் பாதிக் கவலை குறையும்.

தனி ஐ.பி. ஆளுக்கு ஒன்று தேவையா என்ற கேள்வி இன்னும் வருகிறது. முன்பு, பிரவுசரில் பூட்டு அடையாளம் காட்டும் பாதுகாப்பான (https) சைட் ஒவ்வொன்றுக்கும் தேவைப்பட்டது, இப்போது ஒரே ஐ.பி.யில் எத்தனை சைட்டுக்கும் போடலாம். அந்தப் பூட்டுக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், பேனலே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சி.இ.ஆர்.டி.-இன் வெளியிட்ட உத்தரவையும் தெரிந்துகொள்ளுங்கள். சர்வரில் நடப்பதைப் பதிவு செய்யும் லாக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஹேக்கிங் போன்ற சம்பவம் தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். லாக்குக்கு வேண்டிய டிஸ்க் இடத்தையும் கணக்கில் சேருங்கள்.

மாப்பிள்ளை என்ன செய்தான்

இதையெல்லாம் படித்துவிட்டு வந்து, "அப்ப பெட்டியே வேண்டாம்ங்கறீங்ளா மாமா?" என்றான். அப்படியில்லை. நாற்பது சைட்டுக்கு இரும்பு வாங்கிப் பணத்தை முடக்க வேண்டாம் என்கிறேன். நூற்றைம்பதைத் தாண்டும்போது சொந்தப் பெட்டி கணக்கில் உதைக்காது. அதுவரை மாத வாடகைக்கு ஒரு முழு சர்வர். இரும்பு பழுதானால் மாற்றுவது அவர்கள் பாடு.

கடைசியில் அப்படித்தான் செய்தான். டேட்டா சென்டரில் வாடகை சர்வர், அல்மாலினக்ஸ், மாதக் கட்டணப் பேனல். மெயில் தனி. ஆனால் பெட்டி வாங்கும் ஆசையை முழுதாக விடவில்லை. பழைய டவர் சர்வர் ஒன்றை வாங்கி, மாடி அறையில் ஃபில்டர் போட்ட அலமாரிக்குள் பேக்கப்புக்கென்று வைத்திருக்கிறான். பழையது என்றால் கரண்ட் கூட இழுக்கும். ராத்திரி மட்டும் ஓடும் வேலைக்குப் பரவாயில்லை.

செட் பண்ணிய அன்று நானும் போயிருந்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவச் சொன்னேன். தயங்கித் தயங்கி உருவினான். பெட்டி கீச்சென்று கத்தத் தொடங்கியது. ஒரு நிமிடம் ஆவதற்குள் அவன் போன் அடித்தது. என் போன் அடிக்கவில்லை. திறந்து பார்த்தால் என் நம்பரில் ஒரு இலக்கம் தப்பு.

திருத்திவிட்டு மறுபடி உருவினோம். இந்த முறை இரண்டும் அடித்தது.

"தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறப்ப அடிச்சா என்னங் மாமா பண்றது?" என்றான். அதற்குத்தான் என் நம்பரையும் போட்டாய் மாப்ள என்றேன். நானும் கூடவே நடக்கிறேன் என்பது இரண்டு பேருக்கும் கொஞ்சம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. மூன்றாவதாக யார் நம்பரைப் போடுவது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.